வானத்து ஏமானுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: நாஞ்சில் நாட்டுக் குடிமகன் ஒருவன், தலைக்கு மேலே ஓடு, ஓட்டுக்கு மேலே வானம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்கள், சென்னை.

பொருள்: காவல்துறையின் பறக்கும் வாகனங்களுக்கு ஆயுதம் மாட்டுவதா வேண்டாமா – கீழே நிற்பவன் கருத்து சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: மேல்நோக்கிய பார்வை, நாள்தோறும்.

ஏமானே,

இப்படிக் கூப்பிடுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தாய்த் தமிழகத்தோடு இணைந்துவிட்டது. போலீசைக் கண்டால் ‘ஏமானே’ என்று வருகிற கிழவர்களின் வாய் மட்டும் இன்னும் திருவிதாங்கூரிலேயே கிடக்கிறது. அந்த வாய்தான் எனக்கும் வந்து வாய்த்திருக்கிறது.

2023 ஜூன் கடைசியில் சென்னை அடையாறில் உங்கள் ட்ரோன் பிரிவைத் திறந்தீர்கள். ஏறத்தாழ 3.6 கோடி ரூபாய் செலவு, ஒன்பது ட்ரோன். திறந்து வைத்தவர் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு. அவர் எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதால் அந்த ஒன்பதில் எங்களுக்கும் ஏதோ பாத்தியதை இருக்கிறது என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். கூட்டத்தைக் கவனிக்க ஆறு, நெடுந்தூரம் பறக்க இரண்டு, பாரம் தூக்க ஒன்று. கடலில் தத்தளிக்கிறவனுக்கு மிதவை கொண்டுபோய்ப் போடுவது அந்தப் பாரம் தூக்கியின் வேலை என்றீர்கள். கொள்ளாம் என்றோம்.

பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. மிதவை தொங்குகிற கொக்கியில் வேறு எதுவும் தொங்குமே?

தொங்கவிட்டுப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலம் 2015-இல் ஒரு சட்டம் போட்டது. போலீஸ் ட்ரோனில் கொல்லும் ஆயுதம் கூடாது என்றது. கண்ணீர்ப்புகை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு வாசலைத் திறந்தே வைத்தது. அதே வருஷம் லக்னோ போலீஸ், கூட்டத்தின் மேல் மிளகுப்பொடி தூவும் ட்ரோனைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. இந்த யோசனை எங்கள் பக்கம் எடுபடாது, ஏமானே. நல்லமிளகு விற்கிற விலைக்கு அதை வானத்திலிருந்து தூவினால் ஒருத்தனும் ஓடமாட்டான். வீட்டுக்குப் போய்ச் சுளவு எடுத்துக்கொண்டு திரும்பி வருவான்.

2024 பிப்ரவரி 13-இல் விளையாட்டு வினையானது. டெல்லிக்குப் புறப்பட்ட பஞ்சாப் விவசாயிகளை ஷம்பு எல்லையில் மறித்து, ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. விவசாயிகள் பட்டம் விட்டார்கள், நூல் மாட்டி ட்ரோன் விழட்டும் என்று. எங்கள் எல்லைக்குள் ட்ரோன் அனுப்பாதே என்று பஞ்சாபின் பாட்டியாலா மாவட்ட நிர்வாகம் ஹரியானாவின் அம்பாலாவுக்குக் கடிதம் எழுதியது. இரண்டு மாநிலத்துக்கும் இடையில் ஒரு வேலி அளவு தூரம். புகைக்கு வேலி தெரியவில்லை.

ஆக, நாளைக்கே யாராவது ஒரு வழவழப்பான கேட்லாக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேசைக்கு வரலாம். அதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டின் நடைமுறைச் சிக்கல்கள் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடி மாதம் வீசுகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. குடை விரித்தவன் கம்பியோடு வீடு திரும்புகிற இடம் அது. அங்கே கூடியிருக்கும் எங்கள் மேல் நீங்கள் புகை போட்டால், அது எங்களைத் தொடாமல் கிழக்கே காவல்கிணறுக்குப் போய்விடும். திருநெல்வேலி மாவட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒருவன் எங்கள் கோரிக்கைக்காகக் கண்ணீர் வடிப்பான். அந்தக் கோரிக்கை என்னவென்றே அவனுக்குத் தெரியாது. மேற்கே களியக்காவிளையில் கை தவறினால் பாறசாலைக்காரன் கண்ணைக் கசக்குவான். கடிதம் மலையாளத்தில் வரும்.

இரண்டாவது, முழங்கால். கூட்டத்தைக் கலைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். முதலில் கலைந்துபோகச் சொல்ல வேண்டும். எச்சரிக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் சுட நேர்ந்தாலும் தாழ்த்திச் சுட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தென்னை உயரத்துக்கு மேலே போய்விட்டால் மனுஷனுக்கு முழங்கால் கிடையாது, ஏமானே. வழுக்கை, கொண்டை, தொப்பி, சும்மாடு, இவ்வளவுதான் மனுஷன். வடசேரிச் சந்தைக்குக் கடவம் சுமந்து வருகிற மீன்காரி அக்கா, மேலேயிருந்து பார்த்தால் நடந்துபோகும் ஒரு கடவம். உள்ளே இருப்பது சாளையா நெத்திலியா என்றுகூட உங்கள் கேமரா சொல்லிவிடும். அடியில் இருக்கிற முகத்தைச் சொல்லாது. அவள் வந்தது போராட்டத்துக்கா, மீன் விற்கவா, போராட்டக்காரர்களுக்கு மீன் விற்கவா என்பது அந்த முகத்தில்தான் எழுதியிருக்கும்.

கல்லடி படுகிற கான்ஸ்டபிளைக் காப்பாற்றத்தானே ட்ரோன் என்பீர்கள். அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அவன் மண்டை உடைய எங்களுக்கு ஆசையில்லை. மேலே ஒரு கண் பறந்து எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவனுக்குச் சொல்லட்டும். வெறும் கண்ணுக்கே போதிய பயம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் திருப்பூரில் மரத்தடியில் கேரம் ஆடிய பையன்களை உங்கள் ட்ரோன் துரத்தியதும், ஓட இடமில்லாமல் கேரம் போர்டாலேயே தலையை மறைத்துக்கொண்டதும் நாடே பார்த்துச் சிரித்த காட்சி. சிரிக்க முடியாத காட்சியும் உண்டு. 2012 செப்டம்பரில் இடிந்தகரைக் கடலில் இறங்கிக் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடியவர்களின் தலைக்கு மேல் கடலோரக் காவல் படையின் விமானம் தாழப் பறந்தது. அந்தப் பதற்றத்தில் விழுந்து அடிபட்ட மீனவர் ஒருவர் பிழைக்கவில்லை என்று போராட்டக்காரர்கள் சொன்னார்கள். அந்த விமானம் யாரையும் சுடவில்லை. பறந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, விரல். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதியை எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்கள் மறப்பதில்லை. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்டவர்கள் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது பட்டம் தாணுப் பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் சொந்தக் கட்சி அரசைப் பார்த்தே கேட்டார். அரசு விலகவில்லை, ஆனால் கேட்க ஒரு ஆள் இருந்தார், கேட்கப்படவும் ஒரு ஆள் இருந்தார். துப்பாக்கியின் மறுமுனையில் தொப்பி போட்ட ஒரு மனுஷன் நின்றதை ஊரே பார்த்திருந்தது.

2018 மே 22-இலும் மறுநாளும் தூத்துக்குடியில் போராடிய மக்களைச் சுட்டவர்களும் கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள்தான். 13 உயிர் போனது. யார் சொல்லி யார் சுட்டார் என்று சொல்ல, நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல்தான் வந்தது. தரையில் நின்று சுட்டதற்கே நான்கு வருஷம். ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும்? ஆணையத்தின் முன்னால் பேட்டரி சாட்சி சொல்லும், சிக்னல் தலைமறைவாகும், மென்பொருள் முன்ஜாமீன் வாங்கும்.

கடைசியாக ஒரு பழைய பாக்கி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடற்கரை முழுக்க, ஆழ்கடலுக்குப் போனவர்களுக்காகப் பெண்கள் மணலில் நின்றார்கள். மேலே பறந்துபோய்த் தேடுகிற ஒன்றை அனுப்புங்கள் என்றுதான் கேட்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் தேடத்தான் செய்தன. கரையில் நின்றவர்களின் கணக்கில் அது பிந்திவிட்டது. பொறுக்காதவர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். டிசம்பர் 7-இல் ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்துத் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் வானத்தைப் பார்க்காத கண் கிடையாது. ஒரு இறக்கைச் சத்தம் கேட்டால் அழுதிருப்பார்கள், பயத்தில் அல்ல.

அந்தச் சத்தத்துக்கு எங்கள் பிள்ளைகள் ஓடி ஒளிய வேண்டுமா, கரைக்கு ஓடிவர வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள்.

ஆகவே வேண்டிக்கொள்வது: கண் மேலே போகட்டும், ஆட்சேபம் இல்லை, எங்கள் மொட்டைமாடி வற்றலைப் பார்க்காமல் போனால் போதும். கை கீழேயே இருக்கட்டும், யாருடைய கை என்று தெரிகிற தூரத்தில். மற்றபடி உங்கள் கணக்குப்படி பாரம் தூக்குவது ஒன்பதில் ஒன்றுதான். மிதவை இருக்கிற நேரத்தில் அதில் குண்டுக்கு இடமில்லை. குண்டு இருக்கிற நேரத்தில் மிதவைக்கு இடமில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள, கீழேயே நிற்கிற,
ஒரு குடிமகன்.

இணைப்பு: மிதவைக்கு நிதி ஒதுக்கீடு தாமதமானால் உபயோகிக்க, பழைய லாரி டியூப் – 1. பஞ்சர் ஒட்டியது.