முன்தேதியிட்ட தேர்தல்

பிரிட்டனில் 2014-இல் ஒரு சட்டம் வந்தது. பொதுத்தேர்தலுக்கு முந்தைய 12 மாதங்களில், வாக்காளர் மனத்தை மாற்றக்கூடிய பிரசாரத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் செய்யும் செலவுக்கு உச்சவரம்பு. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் தேர்தல் ஆணையத்தில் பதிவு. சரி, போகட்டும். 2017 ஏப்ரலில் அன்றைய பிரதமர் தெரசா மே திடுதிப்பென்று, ஜூன் 8-ஆம் தேதி தேர்தல் என்றார். அதுவரை, இப்போதைக்குத் தேர்தலே கிடையாது என்று சொல்லிவந்தவரும் அதே அம்மையார்தான். அந்த 12 மாதச் செலவுக் கணக்கோ 2016 ஜூனிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டதாம்! பசியைப் பற்றி எப்போதோ அச்சடித்த துண்டறிக்கைகூட, முன்தேதியிட்டுத் தேர்தல் செலவாகிவிடலாம். பிரதமருக்கே தெரியாத தேர்தலை முன்கூட்டியே அறிய, ஒவ்வொரு அறக்கட்டளையும் ஆஸ்தான ஜோசியர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் சம்பளம் நிர்வாகச் செலவா, பிரசாரச் செலவா என்று அடுத்த நோட்டீஸ் வந்திருக்கும்.