லிப்டன் துரையைத் தோற்கடித்த சட்டை

கரவனெல்லச் சந்தியில் ரோஸ் கலர் சட்டை போட்ட ஆம்பிளை யார் என்று கேட்டால், ஹட்டன் பஸ் கொண்டக்டர்கூட என் வீட்டுக்கு வழி சொல்வார். கழுவிக் கழுவி வெளுத்த ரோஸ் என்று நினைத்துவிட வேண்டாம். தேர்த் திருவிழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் பம்பாய் முட்டாயின் அசல் ரோஸ். கழுத்துப்பட்டி கறுப்பு, நெஞ்சில் ஒரு கழுகு. மென்செஸ்டர், ரியல் மட்ரிட் என்றால் புட்போர்டில் தொங்கிக்கொண்டு போகிற பையனும் மரியாதையாகப் பார்ப்பான். "பலெர்மோ" என்றேன் ஒருவனிடம். "அது எந்தத் தோட்டத்து டீம் சேர்?" என்று கேட்டான்.

இத்தாலியில், சிசிலித் தீவில் இருக்கும் டீம். அதன் சட்டைகளைத்தான் சேர்க்கிறேன். பழையது, புதியது, கையெழுத்துப் போட்டது, போடாதது என்று எல்லாம் இருக்கின்றன. மனைவி சீதனமாகக் கொண்டுவந்த அலுமாரியில் இப்போது அவளுக்கு மிச்சம் ஒரு தட்டு. "மத்தவங்க புருஷன்மாரு குடிக்கத்தான செய்றாங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா அவளைத் தேற்றுகிறார். அது எனக்குச் சாதகமா பாதகமா என்பது இன்னும் விளங்கவில்லை.

சட்டைகள் வரும் வழி என் சித்தப்பா மகன். யாழ்ப்பாணத்தில் பெண் எடுத்து, அவள் அண்ணன்மாரின் தயவில் பலெர்மோ போய்ச் சேர்ந்தவன். வீடு துப்புரவாக்குவான், வயதானவர்களைப் பார்த்துக்கொள்வான். இத்தாலியில் இலங்கையர் ஒரு லட்சத்துக்கு மேல். வென்னப்புவப் பக்கம் போனால் அந்தக் காசு மாடி மாடியாக எழும்பி நிற்பதைக் காணலாம். ஆனால் பலெர்மோ தமிழாட்கள் நிறைந்த ஊர், அதிலும் வடக்கு ஆட்கள். ஊருக்கு மேலே மொந்தே பெல்லெக்ரினோ என்று ஒரு மலை, அதில் ஒரு குகை, குகைக்குள் சாந்தா ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றிய தாய் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. நம்மாட்களில் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் மலை ஏறுகிறார்கள். அந்த மலையின் அடிவாரத்தில்தான் 1932இல் திறந்த மைதானம் இருக்கிறது. தம்பிக்கு வசதி. மேலே நேர்த்தி வைத்துவிட்டுக் கீழே மெச் பார்க்கிறான். நேர்த்தி பெரும்பாலும் மெச்சுக்குத்தான்.

ஏன் ரோஸ் என்று கேட்காதவர் இல்லை. 1900இல் டீமைத் தொடங்கியபோது சட்டை சிவப்பும் நீலமுமாகத்தான் இருந்தது. ஜுசெப்பே அய்ரோல்தி என்ற பிரபு 1905இல் ஒரு கடிதம் எழுதினார்: ரோஸும் கறுப்பும் போடுவோம், ஒன்று இனிமைக்கு, மற்றது துயரத்துக்கு, ஏறி இறங்கும் நம் டீமுக்கு அதுதான் பொருத்தம். தன் டீமைப் பற்றி இவ்வளவு உண்மையாக எழுதிய நிர்வாகியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. யுவென்டஸும் முதலில் ரோஸ்தான் போட்டது. 1903இல் இங்கிலாந்தின் நொட்ஸ் கவுண்டி டீமைப் பார்த்துக் கறுப்பு வெள்ளைக்குத் தாவிவிட்டது. மானஸ்தர்கள் பலெர்மோக்காரர். 1907இல் மாற்றிய நிறத்தை இடையில் சில வருஷம் விட நேர்ந்தாலும், திரும்பவும் அதற்கே வந்துவிட்டார்கள்.

அந்த 1907இல் ரோஸ் சட்டை போட்டு ஆடிய முதல் மெச் யாரோடு தெரியுமா? சேர் தோமஸ் லிப்டனின் கப்பல் ஆட்களோடு. ஆமாம், நம் லிப்டன் துரைதான். 1890இல் இலங்கைக்கு வந்து, ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னை முதலான தோட்டங்களை வாங்கிப்போட்டவர். உல்லாசப் படகில் கடல் கடலாகச் சுற்றி, போன இடமெல்லாம் கோப்பை கொடுத்த மனுஷன். 1909இலிருந்து பலெர்மோவும் நேப்பிள்ஸும் மோதிக்கொண்ட போட்டிக்கும் லிப்டன் கிண்ணம் என்றே பெயர். அந்தக் கோப்பைக்கான வெள்ளி எந்த மலையில் எவள் கிள்ளிய கொழுந்திலிருந்து வந்தது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று அப்பாவிடம் ஓடினேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர். என் சட்டைகளை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காதவர்.

"தொர ஆளுங்க கூடவா வெளயாண்டாங்க?"

"ஆமாப்பா."

"யாரு ஜெயிச்சா?"

"ரோஸ் சட்டைதான். ரெண்டுக்கு ஒண்ணு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "தொரய தோக்கடிச்ச சட்டைன்னா வச்சிக்க" என்றார். அலுமாரி விஷயத்தில் அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இரண்டு ஓட்டு.

சேகரிப்பாளர் உலகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கடையில் விற்கும் புத்தம்புதுச் சட்டைக்கு மதிப்புக் குறைவு. ஆட்டக்காரர் மைதானத்தில் போட்டுப் புரண்ட சட்டைக்குத்தான் விலை. முழங்கையில் சேறு, தோளில் புல்லுக்கறை, தையல் விட்ட அக்குள் எல்லாம் ஏறுமுகம். துவைத்தால் போச்சு. ஒரு சட்டையின் விலையைத் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பியபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எத்தன நாளு போட்டான்?"

"ஒரு மெச். ஒன்றரை மணித்தியாலம்."

அப்பா எழுந்து போய், கொடியில் கிடந்த தன் பழைய பால்வெட்டுச் சட்டையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ரப்பர் பால் துணியில் பட்டால் முதலில் வெள்ளையாகத்தான் தெரியும். காயக் காய மஞ்சளாகி, கடைசியில் கறுத்துத் துணியோடு துணியாக ஒட்டிக்கொள்ளும். எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. வயிற்றுப் பக்கம் வாளி உரசி உரசிப் பால் தடித்துப்போன அந்தச் சட்டையை மடிக்க முடியாது, வளைக்கத்தான் முடியும். படம் எடுத்து அனுப்பினேன். தம்பி அதை அங்கே ஒரு சேகரிப்பாளரிடம் காட்ட, அவர் மிகுந்த அக்கறையோடு எந்த சீசன் என்று கேட்டாராம். "வெயில் சீசன்னு சொல்லு, மழயில எவன் பால் வெட்டுவான்?" என்றார் அப்பா.

மழை எனக்கும் எதிரிதான். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கத்தில் சுவரே வியர்க்கும். அலுமாரியைத் திறந்தால் கழுகின் மேல் சாம்பல் புள்ளி பூத்திருக்கும். பூச்சி உருண்டை, பொலித்தீன், பழைய பத்திரிகை எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. சட்டைகளில் இப்போது நப்தலீன் நாறுகிறது, பூசணம் அதற்குப் பழகிவிட்டது.

மாசி மாதம் வந்தால் வேறு கண்டம். காமன் கூத்துக்குத் தூதன் வேஷம் கட்டுகிறவன் வாசலில் வந்து நின்றான். "சேர், அந்த பளபளான்னு இருக்கிற ரோஸ் சட்டய ஒரு ராத்திரிக்குக் குடுங்க." கோயில் காரியம், மறுக்க முடியாது. விடிய விடியத் தப்புக்கு ஆடிவிட்டுத் திருப்பித் தந்தான். முதுகில் உப்புக் கோடு, கழுத்தில் அரிதாரம், கையில் திருநீறு. அதுவரை அது வெறும் கடைச் சட்டை. இப்போது அதுவும் ஆடிய சட்டை. துவைக்காமல் தனியாக வைத்திருக்கிறேன். மனைவி அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

என் பொக்கிஷம் பத்தாம் இலக்கம், ஃபப்ரிசியோ மிக்கோலி கையெழுத்துப் போட்டது. பலெர்மோவின் கப்டனாக இருந்த குள்ள மனிதர், என் சாதிக்காரர். அதாவது அவரும் சேகரிப்பாளர். மரடோனாவிடமிருந்து இத்தாலிய வரிக்காரர்கள் பறித்த காதுக்கடுக்கனை 2010இல் ஏலத்தில் 25,000 யூரோ கொடுத்து வாங்கியவர். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ! கையெழுத்து அசல்தானா என்று எனக்கு உறுத்தல் இருந்தது. தோட்டத்தில் காலமெல்லாம் செக்ரோல் எழுதி ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயாவிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அசல்தான். அவசரத்துல போட்டிருக்கான். கள்ளக் கையெழுத்துக்காரன் ஆறுதலா, அழகா போடுவான்" என்றார். எந்த ஏல நிறுவனத்தின் சான்றிதழும் இதற்கு மேல் எனக்கு வேண்டாம்.

போலியைக் கண்டுபிடிக்க இன்னொரு சுலப வழியும் உண்டு. புறக்கோட்டை நடைபாதையில் நேப்பிள்ஸின் நீலச் சட்டை தொங்கும், முதுகில் மரடோனா என்று பெயரோடு. அசல் எண்பதுகளின் சட்டை என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். இத்தாலி முதல்தர லீக்கில் முதுகில் பெயர் போடத் தொடங்கியதே 1995 சீசனில்தான். மரடோனா நேப்பிள்ஸை விட்டது 1991இல். இதை எடுத்துச் சொன்னால் கடைக்காரர் கோபிக்க மாட்டார், இருநூறு ரூபாய் குறைப்பார்.

மரடோனா என்றதும் இன்னொன்று. கடவுளின் கையால் கோல் போட்ட 1986 மெச்சில் அவர் அணிந்திருந்த ஆர்ஜென்டினாச் சட்டை, லண்டனில் சொதபீஸ் ஏலத்தில் 71 லட்சம் பவுணுக்கு மேல் போனது. டொலரில் 90 லட்சத்தைத் தாண்டும். ஏலம் முடிந்தது 2022 மே 4. அதே நாளில் நம் பாராளுமன்றத்தில் நிதியமைச்சர் எழுந்து, நாட்டில் செலவழிக்கக்கூடிய டொலர் கையிருப்பு ஐந்து கோடிக்கும் கீழ் என்று அறிவித்தார். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடி கணக்குப் போட்டேன். இலங்கை மொத்தமாக ஐந்து சட்டை வாங்கலாம், ஆறாவதற்குக் காசு பத்தாது. முன்னால் நின்றவரிடம் சொன்னேன். "அதுல ஒண்ண வித்தா கப்பலுக்கு எண்ணெ வருமா?" என்று கேட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2019இல் பலெர்மோ கடனில் மூழ்கி, நாலாம் தர லீக்கில் முதலிலிருந்து தொடங்கியது. 2022இல் இரண்டாம் தரத்துக்கு ஏறியதும் மென்செஸ்டர் சிட்டியின் முதலாளிமார் வாங்கிவிட்டார்கள். இனி வரும் சட்டைகள் எங்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியது அந்த நாலாம் தரக் காலத்து, 2019–20 சட்டை. கறுப்புக்கு உரிய வருஷம் அதுதானே. தம்பி தேடி அலுத்துவிட்டான். பலெர்மோவில் மகனோ மருமகனோ இருக்கும் வாசகர்கள் யாராவது தயவுசெய்து விசாரித்துப் பாருங்கள். எந்த அளவானாலும் சரி, அழுக்கோடு இருந்தால் இன்னும் நல்லது, துவைத்து மட்டும் விடாதீர்கள். கார்கோ செலவு என் பொறுப்பு. வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், நான் படிப்பிக்கும் பாடசாலைக்கு அனுப்புங்கள்.