ஈருயிர்க் கார்: யாழ்ப்பாணத்தில் காத்திருத்தல் குறித்த முன்னாய்வு

ஹைபிரிட் வாகனத்தின் தோற்றக் காலம் 1997 டிசம்பர் என்பது ரொயோட்டாக் கட்சி. முதல் பிரியஸ் யப்பானில் விற்பனைக்கு வந்தது அப்போதுதான். யாழ்ப்பாணக் கட்சி இதை ஏற்காது. பொருளாதாரத் தடை இருந்த 1990களின் தொடக்கத்திலேயே, நாலு சொட்டுப் பெற்றோலில் உயிர்த்து மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்கள் எம்மிடம் இருந்தன. இரண்டு எரிபொருள், ஒரு எஞ்சின், ஊர் நிறையப் புகை. சைக்கிள் மிதியைக் கையால் சுற்றி டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டது அந்தக் கலையின் மின்னியல் அதிகாரம். காப்புரிமை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை என்பதே குறை.

இவ்வாய்வின் ஒரே தரவு என் சித்தப்பா. பழைய ஹைபிரிட் ஒன்று வாங்குவதற்காகப் பத்தாண்டுக்கு மேலாகக் கார் பார்த்து வருகிறார்.

முதலில் ஏல அறிக்கையியல். யப்பான் ஏலத்தில் கார் பெற்ற புள்ளியும் அதன் உடற்படமும் ஒரு தாளில் வரும். படத்தில் ஏ என்று இருந்தால் கீறல், யூ நெளிவு, டபிள்யூ பழுதுபார்த்த தடம். புள்ளிக்குரிய இடத்தில் ஆர் இருந்தால் அது செவ்வாய் தோஷம்: எங்கோ மோதித் திருத்தப்பட்டது. பரிகாரம் செய்தாயிற்று என்பார் புறோக்கர். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்.

அடுத்தது ஒலியியல். காரை ஸ்ராட் பண்ணியதும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் பேசும். வரவேற்புரை என்றே எங்கள் ஒழுங்கையில் நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில், நெடுஞ்சாலைக் கட்டணக் கருவியில் அட்டை செருகப்படவில்லை என்று அவள் முறையிடுகிறாள். சித்தப்பா இன்னமும் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார்.

கனமான அதிகாரம் பற்றரி. 2011 டிசம்பரில் வந்த ரொயோட்டாவின் முதல் அக்குவா ஹைபிரிட்டின் பின்னிருக்கைக்கு அடியில் 20 தொகுதிகளாக நிக்கல் பற்றரி, 144 வோல்ற், குடியிருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று இருக்கையோரத்துச் சிறு வாசலால் போகிறது. தூசி அடைத்தால் பற்றரி சூடேறும், ஆயுள் குறையும். சித்தப்பாவின் உரை வருமாறு: “தம்பி, எஞ்சினை ஆரும் பாப்பான். நீ சீற்றுக்குப் பக்கத்திலை குனிஞ்சு பார். நாய் வளத்தவன்ரை காரோ எண்டு அங்கைதான் தெரியும்.” அவர் குனிந்த கோலத்தில் நிற்பதைப் பார்த்து உரிமையாளர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை கற்றவர் ஏன் வாங்கவில்லை? காரணம் வரப்போகும் மொடல். அக்குவா பார்க்கப் போனபோது வெசல் வருகுதாம் என்றார்கள், பொறுத்தார். 2013 டிசம்பரில் யப்பானில் அது வெளிவந்து, பிறகு இங்கே வந்து இறங்கியதும், விலை கேட்டு வீடு திரும்பினார். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியே நின்றது. அதன்பின் பழைய காரின் விலை அதன் வயதோடு ஏறியது. இந்தக் குணம் அதுவரை பழைய கோயிற் சிலைகளுக்கே உரியதாக இருந்தது. 2021இல் இரண்டாம் தலைமுறை அக்குவா, இருமுனை நிக்கல் பற்றரியோடு யப்பானில் வெளியானது. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சித்தப்பா அதைப் பாராமல் படித்தார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரப் பங்காகப் பெற்றோல் வாங்கிய வரிசையில், ஹைபிரிட்காரர்களுக்கு அறிவுரை சொன்னவர் அவரே. சைக்கிளில் வந்திருந்தார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு திறந்தது; விலையோ எட்டவில்லை. ஆக, வரப்போகும் மொடலுக்கு இலக்கணம் இது: கையிலுள்ள காசுக்கு ஒரு முழம் மேலே எப்போதும் தொங்குவது.

போன கிழமை கோண்டாவிலில் ஒரு அக்குவா பொருந்திவிட்டது. துவாரம் சுத்தம். முற்பணம் இடுப்பில், சில்லுக்கு வைக்க நாலு தேசிக்காய் சட்டைப்பையில். புறோக்கர் சும்மா இருந்திருக்கலாம். “அண்ணை, உதின்ரை புதுசும் இப்ப வருகுது” என்றார்.

தேசிக்காயைச் சித்தி ஊறுகாய் போட்டுவிட்டார்.