மடக்குக்கத்தி மீமாம்சை

கூடாரம் அடித்துத் தங்கும் நாட்களுக்கும் வீட்டுச் சில்லறை வேலைகளுக்கும் ஏற்ற மடக்குக்கத்தி எது என்னும் கேள்வி ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் உள்ள ரோமானியக் கருவி ஒன்று இதற்குச் சான்று. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படும் அதில் கத்தி, கரண்டி, முள்கரண்டி, குத்தூசி எல்லாம் ஒரே பிடியில் மடங்கிக் கிடக்கின்றன. கத்தியின் அலகு இரும்பு, கரண்டி வெள்ளி. சாதாரணப் படைவீரன் வெள்ளியில் கரண்டி செய்துகொள்ள மாட்டான்; ஆதலால் உடையவர் கையில் காசு புழங்கிய பயணி என்பது பெறப்படும். அந்த முள்கரண்டியை அவர் எத்தனை முறை விரித்தார் என்பது பெறப்படாது.

முதலில் பூர்வபட்சம். காட்டுக்குப் போகிறோம், கரடி வரலாம், கயிற்றை அறுத்து யாரையாவது காப்பாற்ற நேரலாம். ஆகவே அலகு நீளமாக, கறுப்பாக, அடிப்பாதியில் ரம்பப் பல்லோடு இருத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். இது பொருந்தாது. பையைத் துழாவிக் கத்தியை எடுத்து, நகத்தால் அலகை விரித்து, பூட்டைச் சரிபார்க்கும் வரை பொறுத்திருக்கும் கரடி எந்த நூலிலும் சொல்லப்படவில்லை. மடக்குக்கத்தி தன் ஆயுளில் சந்திக்கும் எதிரிகள் வேறு: பார்சல் டேப், ரொட்டி, ஆப்பிள், நூடுல்ஸ் மசாலாப் பொட்டலம், நைலான் கயிற்றின் பிசிர், புதுச் சட்டையின் விலைச்சீட்டு. இவற்றுள் பார்சல் டேப்பே தலையாயது. கடையில் கத்தி வாங்குபவர் மனத்தில் கரடி. வீட்டுக்கு வந்தபின் கையில் டேப். இந்த இடைவெளியில்தான் கத்தி வணிகம் செழிக்கிறது.

எதிரி இன்னார் என்று தெளிந்தபின் அளவு தானே விளங்கும். இதில் பிரான்சின் சவோய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஜோசஃப் ஒப்பினேல் முன்னோடி. கோடரியும் அரிவாளும் அடிக்கும் பட்டறை வீட்டுப் பிள்ளையான அவர் 1890இல் தம் மடக்குக்கத்தியை உருவாக்கினார். 1897இல் அதை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டுப் பன்னிரு அளவுகளில் செய்தார். 1930களில் அவற்றுள் இரண்டு நின்றுபோயின. ஒன்றாம் எண் உபயோகத்துக்கு உதவாத அளவு சிறியது. பதினொன்றாம் எண், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே செய்ய வேலையில்லாமல் நின்றது. மிஞ்சிய பத்தில் உலகெங்கும் பெயர் வாங்கியது எட்டாம் எண். அதன் அலகு 8 செ.மீ. என்று நினைப்பது இயல்பு, உண்மையில் 8.5. ஏழாம் எண்ணுக்கு 8, ஒன்பதாம் எண்ணுக்கு 9. இந்தக் கணக்கின் தத்துவம் தனி ஆய்வுக்கு உரியது.

8.5 செ.மீ. ஏன் போதும் எனின், ஆப்பிளைக் கொண்டு நிறுவலாம். கடையில் கிடைக்கும் சராசரி ஆப்பிளின் விட்டம் 7 முதல் 8 செ.மீ. எட்டாம் எண் அதை ஒரே அழுத்தில் கடந்துவிடும். பன்னிரண்டாம் எண்ணின் 12 செ.மீ. அலகிலோ இரண்டு விரற்கடை இரும்பு வெளியே நீட்டிக்கொண்டு காற்றை அறுக்கும்.

அடுத்தது பூட்டு. மடங்கும் பொருள் வேண்டாத நேரத்திலும் மடங்கும். அப்போது நடுவில் இருப்பது விரல். ஜோசஃபின் மகன் மார்செல் 1955இல் கண்டுபிடித்த பூட்டு வெறும் உருக்கு வளையம். பிடியின் கழுத்தில் அதைத் திருப்பினால் அலகு திரும்பி வரும் வழி அடைபடும். ஆறாம் எண்ணுக்குக் கீழே இந்த வளையம் இல்லை. பிடியோ பெரும்பாலும் பீச் மரம். மழையில் நனைந்தால் மரம் ஊறி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். நகம் போனாலும் போகுமே தவிர அலகு வராது. அதற்குச் சவோய்க்காரர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. வளையத்தைத் திறந்துவைத்து, பிடியின் அடிமுனையைக் கட்டையிலோ கல்லிலோ ஓங்கி ஒரு தட்டு. அலகின் நுனி அரை அங்குலம் எட்டிப் பார்க்கும். மீதியை விரலால் இழுத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டைத் தாண்டிய ஒரு வடிவமைப்பின் குறைபாடு இப்படித் தட்டியே சரிசெய்யப்படுகிறது.

விரலைக் காக்கும் பூட்டைச் சட்டம் சந்தேகத்தோடு பார்ப்பது இத்துறையின் பெரிய முரண். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம். பூட்டுள்ள கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று 1990களில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, விரல் அறுபடும் வாய்ப்புள்ள கத்தி லண்டன் தெருவில் சாது; விரலைக் காக்கும் கத்தி சந்தேக நபர். விமானத்தில் இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. கைப்பையில் இருந்தால் பல இடங்களில் சோதனைக் கவுண்டரோடு சரி. சரக்குப் பெட்டியில் போடுவதே உத்தமம்.

இரும்பா, எவர்சில்வரா என்ற வாதம் சைவ வைணவச் சண்டைக்குச் சற்றும் குறைந்ததன்று. கார்பன் உருக்கு சாணைக்கு இணங்கும், நல்ல பதம் கொள்ளும். ஆனால் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சிறிது நேரத்திலேயே அலகில் சாம்பல், நீலத் திட்டுகள் படரும். அது கறை என்பர் ஒரு சாரார். அலகுக்கு அழகும் காப்பும் அதுவே என்பர் மற்றவர். செந்நிறத் துரு வந்தால் மட்டும் இரு தரப்பும் வாயை மூடிக்கொண்டு எண்ணெய் தேடும். துரு ஏறா உருக்கில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருக்கும். ஈரக் கூடாரத்துக்கு அது போதும். துடைக்கும் பழக்கம் இல்லாதவர் இதையே வாங்குக.

இனிக் கருவிகளின் எண்ணிக்கை. ஸ்விட்சர்லாந்தின் இபாக்கில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1891இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அலகு, துளையூசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி. நான்கும் நியாயமானவை. 1897இல் வந்த அதிகாரிக் கத்தியில் ஒயின் பாட்டிலின் தக்கை திருகி சேர்ந்தது. பெயரில் அதிகாரி இருந்தாலும் ராணுவம் அதை வழங்கவில்லை. வேண்டிய அதிகாரி சொந்தக் காசில் வாங்கினார். தேவையிலிருந்து ஆசைக்குப் போகும் பாதை இங்கே ஒரு திருகு கம்பியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பாதையின் கோடி, வெங்கர் நிறுவனம் 2000களில் விற்ற ராட்சதக் கத்தி: 87 கருவிகள், 141 பயன்கள், எடை ஒரு கிலோவுக்கும் மேல். பையில் வைக்கத் தோதான கத்தி என்னும் இலக்கணத்தை அது மீறவில்லை. பைதான் அந்த அளவுக்கு வளரவில்லை.

நடுநிலை வழி உண்டு. பிடி 91 மி.மீ. நீளமுள்ள சுவிஸ் கத்திகளில் மர ரம்பம் சேர்ந்த கேம்பர் வகை கூடாரத்துக்குப் போதும். சுள்ளி அறுக்க ரம்பம் உதவும். விறகைப் பிளக்க எந்த மடக்குக்கத்தியையும் கட்டையால் அடிக்கக் கூடாது. அடி முழுவதும் கீல் ஆணியில் இறங்கும், ஓரிரு நாளில் அலகு ஆடத் தொடங்கும். அதற்கு மடங்காத கத்தியோ சிறு கோடரியோ வேண்டும். இடுக்கி இல்லாமல் முடியாது என்பவர்களுக்காக டிம் லெதர்மேன் 1983இலேயே ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர்கள் வேறு சம்பிரதாயம், இங்கே விவாதிக்கப்படவில்லை.

எஞ்சுவது பல்குச்சிப் பிரச்சினை. சுவிஸ் கத்தியின் பிடியில் செருகியிருக்கும் தந்தநிறப் பிளாஸ்டிக் குச்சி, கத்தியின் உறுப்புகளுள் முதலில் காணாமல் போவது. அது எங்கே போகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மாற்றுக் குச்சியை நிறுவனமே தனியாக விற்கிறது. ஆகவே இழப்பு வாங்குபவரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று, உற்பத்தியாளரும் எதிர்பார்ப்பதே என்க.