கழற்று, மாட்டு

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மவுண்ட் வாஷிங்டன் என்றொரு மலை. உயரம் 1,917 மீட்டர். நம்ம ஊட்டி அதைவிட உயரத்தில் உட்கார்ந்து வர்க்கி விற்றுக்கொண்டிருக்கிறது. பாஸ்டன் பக்கம் குடியிருக்கும் என் சகலையிடம் இதைச் சொன்னேன். "ஊட்டியில மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சிருக்கா, சகல?" என்றார். அந்த உச்சியிலிருக்கும் வானிலை நிலையம் 1934 ஏப்ரல் 12ஆம் தேதி அளந்த வேகம் அது. ஏப்ரல் என்பதைக் கவனியுங்கள். காலண்டர்படி வசந்தம்.

அங்கே போய் ஏதாவது ஆனால் மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே அர்ச்சனை செய்வார். ஆகவே அருகிலிருக்கும் மவுண்ட் பியர்ஸ் என்று முடிவாயிற்று. 1,314 மீட்டர்தான். ஏறுவது கிராஃபோர்டு பாதையில், 1819இல் வெட்டியது.

ஏப்ரலில் மலை ஏறுவது என்றால் நடப்பது என்று நினைத்திருந்தேன். இல்லை, கழற்றி மாட்டுவது. அடிவாரத்தில் சேறு. பத்தடி தள்ளி, ராத்திரி உறைந்த ஐஸ். உட்கார்ந்து, பூட்ஸுக்கு மேல் மைக்ரோஸ்பைக்கை இழுத்து மாட்டு: ரப்பர் வளையம், அடியில் சங்கிலி, அதில் இரும்புப் பல். எழுந்தால் எதிரே மொட்டைப் பாறை. கழற்று. அப்புறம் மறுபடி ஐஸ். இதற்கிடையில் ஏற்றத்தில் வியர்க்கும், ஜாக்கெட்டைக் கழற்று. மரம் விலகிக் காற்று வரும், மாட்டு. வெயில் ஏறினால் ஈரப் பனி ஸ்பைக்கின் அடியில் உருண்டையாக ஒட்டி, ஆளுக்கு ஒரு ஹைஹீல்ஸ் முளைக்கும். தட்டிவிட்டால் நாலு எட்டில் புதுசு.

இதில் பெரிய சங்கடம் எதிரே ஆள் வருவது. குளிர்காலம் முழுக்க மிதிபட்டு இறுகிய பனி, பாதையின் நடுவே வரப்பு மாதிரி நீளும். ஓரத்துப் பனி இளகிப் பொதபொதவென்று கிடக்கும். வழிவிட ஓரம் இறங்குகிறவர் தொடைவரை போய்விடுவார். இரு தரப்புக்கும் இது தெரியும். ஆனாலும் இரு தரப்பும் பண்பானவர்கள். "நீங்க போங்க", "இல்லையில்லை, நீங்க முதல்ல" என்று ஒருவர் மரியாதையில் இன்னொருவரைப் புதைக்கப் பார்ப்பதை வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் எதிரே ஒரு பாட்டியம்மாவும் அவருடைய நாயும். சகலை பெருந்தன்மையாக வலது காலை ஓரத்தில் வைத்தார். ஓரத்தில் ஒரு குட்டை ஸ்ப்ரூஸ் மரம்; அதன் கிளைகளுக்கு அடியில் பனி பொந்தாக இருக்கும். இடுப்புவரை போய்விட்டார். பாட்டியம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாய் மட்டும் நின்று, திடீரென்று தன் உயரத்துக்கு வந்துவிட்ட மனிதரை முகர்ந்து பார்த்தது.

அலட்சியமாகப் போய் மாட்டிக்கொள்கிறவர்களிடம் மீட்புச் செலவை அந்த மாநிலம் வசூலிக்கலாம். முன்கூட்டியே 25 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கி வைத்தால் அதற்கு விலக்கு. சகலை வாங்கியிருந்தார். "கார்டு எங்க, சகல?" என்றேன். "பேண்ட் பாக்கெட்ல" என்றார். பாக்கெட் பனிக்குள் இருந்தது.

தோண்டி எடுத்தோம். பூட்ஸைக் கழற்றிப் பனியைக் கொட்டி மாட்டினார். அவர் விழுந்த குழியை நான் பனி போட்டு மூடினேன். மூடாவிட்டால் ராத்திரி உறைந்து, மறுநாள் வருகிறவரின் கணுக்காலைப் பதம் பார்க்கும். இந்த மலைக்காரர்கள் எதை மன்னித்தாலும் அந்தக் குழியை மன்னிப்பதில்லை.

உச்சியில் புளிசாதத்தைப் பிரித்தோம். அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டும். ஒரு கனடா ஜே, சாம்பல் நிறம், கூச்சமே கிடையாது, நேரே சகலையின் விரலில் வந்து உட்கார்ந்து வேர்க்கடலையைக் கொத்திக்கொண்டு போயிற்று.

"பாத்தீங்களா, ஸ்பைக் இல்ல, ஜாக்கெட் இல்ல, கார்டும் இல்ல" என்றார் சகலை, விரலை ஊதிக்கொண்டே. பிறகு கையுறையை மாட்டினார். சாதம் பாதி மிச்சமிருந்ததைப் பார்த்துவிட்டுக் கழற்றினார்.