பேருந்தியல்: நூற்பா ஆறும் உரையும்

கல்வெட்டுக்கு ஓர் இயல் உண்டு. காசுக்கு ஓர் இயல் உண்டு. பானை ஓட்டை ஆராயவும் ஆள் உண்டு. இவற்றையெல்லாம் பார்க்க நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடும் சுற்றுலாப் பேருந்துக்கு மட்டும் இதுவரை எவரும் இயல் வகுக்கவில்லை. சோழர் கோயில்களை ஆராய்ந்தவர்கள் உபானம் முதல் கலசம் வரை அளந்தார்கள். வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வண்டியைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறை தீர ஆறு நூற்பாக்களும் அவற்றின் உரையும் ஈண்டுத் தரப்படுகின்றன. நூற்பா செய்தவரும் உரைகாரரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை.

ஆய்வுக்களம் சோழநாடு. தஞ்சைப் பெரிய கோயிலை 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கங்கைகொண்ட சோழபுரத்தையும் தாராசுரத்தையும் 2004-இல் அதோடு சேர்த்தது. மூன்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவர அந்த உலக அமைப்புக்குப் பதினேழு ஆண்டு பிடித்தது. நம் டூர்க்காரர் இதை ஒரே பகலில் முடிப்பதோடு, நடுவே ஒரு பட்டுப்புடவைக் கடையையும் சேர்த்துவிடுகிறார்.

முன்னோர் என்று இத்துறையில் சொல்லத்தக்கவர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். போன இடம் ஒரு மதுவிலக்குக் கூட்டம். மக்களைக் குடியிலிருந்து காப்பாற்றப் பிறந்ததே கூட்டுச் சுற்றுலா என்பதை வாசகர் நினைவில் கொள்க. கடைசி இருக்கையைப் பற்றிய உரையில் இது பயன்படும்.

நூற்பா 1: நேரம் எனப்படுவது ஹாரன் ஒலியே.

உரை: கோயிலுக்கு ஒரு நேரம், பேருந்துக்கு ஒரு நேரம். கோயில் நேரம் ஆயிரம் ஆண்டாக ஓடுவது, ஆனால் நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். பேருந்து நேரம் காலையில் டிகிரி காப்பியில் தொடங்கி, 'சார், சரியா முப்பது நிமிஷம், லேட்டானா வண்டி நிக்காது' என்ற அறிவிப்பால் துண்டு துண்டாக நறுக்கப்படுவது. வண்டி நிற்காமல் போனதாக வரலாறு இல்லை. எனினும் அறிவிப்பை ஒவ்வொரு ஊரிலும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பயணிகள் கலங்கிப் போவார்கள்.

நவக்கிரகச் சுற்றில் இவ்விதி உச்சம் அடைகிறது. வானத்துச் சனி சூரியனை ஒருமுறை சுற்றி வர இருபத்தொன்பது ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பேருந்தோ சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் என்று ஒன்பது கோள்களையும் ஒரே நாளில் சுற்றி, இரவுச் சாப்பாட்டுக்குக் கும்பகோணம் திரும்பிவிடுகிறது. கோள்களின் வரிசையை வானியல் தீர்மானிப்பதில்லை. திருநாகேஸ்வரத்தில் ராகு காலத்துப் பாலாபிஷேகம்; பால் நீலமாவதைப் பார்க்காமல் வர எந்த மாமியும் சம்மதிக்கமாட்டார். ஆகவே அன்றைய ராகு காலத்தை நடுவில் நட்டு, மற்ற எட்டுக் கோள்களையும் அதைச் சுற்றி அடுக்குவார் டிரைவர். கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். கும்பகோணம் ராகுவை வைக்கிறது.

நூற்பா 2: முன்னிருக்கை மூப்பால் வரும்; மூப்பு முதுகுவலியால் வரும்.

உரை: பேருந்துக்குள் இடம் மூவகைப்படும்: முன், நடு, கடைசி. 'எனக்குப் பின்னாடி உக்காந்தா ஒத்துக்காதுப்பா' என்ற ஒரு வாக்கியத்தால் முன்னிருக்கை கைப்பற்றப்படுகிறது. கையில் எலுமிச்சம்பழமும் மடியில் பாலிதீன் கவரும் இருந்தால் உரிமை உறுதியாகிறது. டிக்கெட்டில் எழுதிய எண்ணுக்கு முதல் நாள் காலை ஆறு மணிவரைதான் மதிப்பு. அதன்பின் தோள்துண்டு, தண்ணீர் பாட்டில், முறுக்கு டப்பா ஆகியவையே பட்டா, சிட்டா, அடங்கல்.

நடு இருக்கைகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. இங்கே வெளியுலகம் பெரும்பாலும் திரைச்சீலையால் மூடப்பட்டிருக்கும். காவிரிக் கரை நெடுகப் போகும் வண்டியில் காவிரியை யாரும் பார்ப்பதில்லை. வீடியோவில் ஓடும் படத்தில் நாயகனும் நாயகியும் ஆற்றங்கரையில் ஆடுவதைப் பார்க்கிறார்கள்.

கடைசி வரிசை தனி ஆய்வுக்கு உரியது. திருநள்ளாறு தமிழ்நாட்டில் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியில் இருக்கிறது. எல்லை நெருங்க நெருங்கக் கடைசி வரிசை ஆண்களிடம் பக்தி கூடுவதை ஆய்வாளர் கவனிக்கலாம். 'சனீஸ்வரனை நிதானமா சேவிக்கணும் அண்ணே, அவசரப்படுத்தாதீங்க' என்று டிரைவரிடம் வேண்டிக்கொள்பவர்கள் அவர்கள்தான். அங்கே மது விலை குறைவு என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை மேலாய்வுக்கு விடுகிறோம். தாமஸ் குக் கவலைப்பட்டிருப்பார்.

நூற்பா 3: பாதம் பொறுக்கும் அளவே பார்வை.

உரை: கலையை ரசிப்பது கண்ணா, மனமா என்று அழகியலார் நெடுங்காலம் வாதிட்டனர். உள்ளங்கால் என்பது எம் துணிபு. செருப்பை டோக்கன் வாங்கிப் போட்டுவிட்டுப் பெரிய கோயில் முற்றத்தில் பங்குனி வெயிலில் பதினோரு மணிக்குக் கால் வைத்தவர் இதை மறுக்கமாட்டார். விரிப்பு போட்ட இடம்வரை பண்பாடு. விரிப்பு முடிந்தால் ஓட்டம். விமானச் சுவரின் அருமையான சிற்பங்கள் பல, பார்வையாளர் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றும் இடைவெளியில் பார்க்கப்பட்டவை. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் சண்டேசருக்குத் தன் கையால் மாலை சூட்டும் சிற்பம் உலகப் புகழ் பெற்றது. அதன் முன் நின்று ஒரு பெரியவர், 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு' என்று இரண்டு முறை சொன்னதைக் கேட்டோம். முதலாவது சிற்பத்துக்கு. இரண்டாவது அவர் காலடியில் கிடைத்த நிழலுக்கு.

நூற்பா 4: நிழலில் இருந்தே நிழலில்லை என்க.

உரை: முன் நூற்பாவிலிருந்து இது நேரடியாகப் பிறக்கிறது. வெயிலில் நின்று எவரும் வரலாறு கேட்கமாட்டார்கள். எனவே கைடு கூட்டத்தை நிழலில்தான் உட்கார வைப்பார். மார்கழி முற்பகலில் பெரிய கோயிலில் நல்ல நிழல் கிடைக்கும் இடம் விமானத்தின் வடக்குப் பக்கம். அந்த நிழல் எதனுடையது? விமானத்தினுடையது. அறுபது மீட்டருக்குமேல் உயர்ந்து நிற்கும் கல்மலையின் நிழலில் நாற்பது பேர் வசதியாகச் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, கைடு கையை உயர்த்தி அறிவிக்கிறார்: 'இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலயே விழாது.' நாற்பது பேரும் தலையாட்டுகிறார்கள். சிலர் கைதட்டுகிறார்கள். ஒருவரும் எழுந்து வெயிலுக்குப் போவதில்லை.

அறிவியல் தரப்பையும் பதிவு செய்வோம். சூரியன் உச்சியில் நேராக நிற்கும் நாள் தஞ்சைக்கு ஆண்டில் இரண்டு: ஏப்ரல் பின்பாதியில் ஒன்று, ஆகஸ்ட் பின்பாதியில் ஒன்று. அன்று நண்பகலில் விமானத்தின் நிழல் விமானத்துக்குள்ளேயே அடங்கும். வாசலில் நிற்கும் விளக்குக் கம்பத்தின் நிழலும் அப்படியே அடங்கும். ஆனால் கம்பத்தைக் காட்டிக் கைதட்டு வாங்க முடியாது.

கைடு மரபில் மேலும் மூன்று அற்புதங்கள் உண்டு. உச்சிக்கல் எண்பது டன் எடையுள்ள ஒரே கல் என்பது ஒன்று. பல துண்டுகளைப் பொருத்திய வேலை அது என்று அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விமானத்தில் தொப்பி போட்ட ஒரு முகத்தைக் காட்டி, வெள்ளைக்காரன் வருவான் என்று சோழன் அன்றே செதுக்கிவிட்டான் என்பது இரண்டாவது. நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும், முதுகில் ஆணி அறைந்து நிறுத்தியதாகவும் சொல்வது மூன்றாவது. அந்த நந்தியே நாயக்கர் காலத்தது, சோழர் வைத்ததன்று என்று யாராவது சொன்னால், 'அதுக்குள்ள இவ்வளவு வளர்ந்துட்டுதா!' என்று வியப்பு இரட்டிப்பாகிறது. கைடைக் குறை சொல்வது எம் நோக்கமன்று. முப்பது நிமிடத்தில் நாற்பது பேரை வாய்பிளக்க வைக்கவேண்டிய தொழில் அது.

நூற்பா 5: எழுதியது விடுத்துச் சொன்னது கொள்க.

உரை: இந்த நூற்பாவில் உரைகாரருக்குச் சிறிது வருத்தம் உண்டு. ஏனெனில் நிழல் விழாத கோபுரத்தைவிடப் பெரிய அற்புதம், அமர்ந்திருப்பவர்கள் முதுகு சாய்க்கும் கல்லிலேயே தமிழில் எழுதியிருக்கிறது. இக்கோயிலைக் கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொல்லிக்கொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஜெர்மானியரான ஹுல்ட்ஷ் கல்வெட்டுகளைப் படித்து, கட்டியவன் முதலாம் இராசராசன் என்று உறுதி செய்தார். கட்டியவன் பெயர் சுவரிலேயே இருந்தது. பல நூற்றாண்டுகளாக அந்தச் சுவரைச் சுற்றிவந்தவர்கள் நாம்.

இக்கோயிலின் கல்வெட்டில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. எந்தெந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவருக்கும் முகவரி உண்டு. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. தொடர்ந்து நட்டுவர், பாடுவார், கணக்கர், குடைபிடிப்பார், நாவிதர், தையற்காரர். நம் டூர் மேனேஜர் கையில் வைத்திருக்கும் பெயர், ஊர், இருக்கை எண் பட்டியலுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய மூலப்படி இது. வேறுபாடு ஒன்றே: மேனேஜர் காகிதத்தில் இருக்கை எண் நாளுக்கு ஒருமுறை மாறும், இராசராசன் கல்லில் வெட்டிவிட்டதால் 'எனக்கு முன்வீடு வேணும்' என்று யாரும் சண்டை போட்டிருக்க முடியாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அணையாமல் எரியவேண்டிய ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதற்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் கணக்கில் 96 குறையக்கூடாது என்பது ஏற்பாடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டிக்குள் நடந்து தலை எண்ணும் மேனேஜர் காப்பாற்றுவது இந்தச் சோழர் கால நெறியைத்தான். 'முப்பத்தொன்பதுதான் வருது, யாரு மிஸ்ஸிங்?' என்று அவர் கேட்கும்போது, பாத்ரூம் போன சித்தப்பா ஒருவரால் மட்டும் நந்தாவிளக்கு அணையும் நிலையில் இருக்கிறது.

நூற்பா 6: பழுதுற்ற பேருந்தே பண்பாட்டுக் கருவி.

உரை: மேற்கூறிய ஐந்தும் பேருந்து நன்றாக ஓடும் நிலைக்குரியவை. ஓடாத நிலை ஒன்று உண்டு. டயர் பஞ்சராகி, ஸ்டெப்னியிலும் காற்றில்லாமல், 'ரெண்டு மணி நேரம் ஆகும் சார்' என்று கிளீனர் வந்து சொல்லும் நிலை அது. அப்போது முதல் அரை மணி நேரம் பயணிகள் மேனேஜரைத் திட்டுகிறார்கள். அடுத்த அரை மணி நேரம் கொண்டுவந்த புளியோதரை தீர்கிறது. அதன்பின் செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் கோயிலுக்குள் மறுபடி போகிறார்கள். தாராசுரத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தை முதல் சுற்றில் தவறவிட்டவர்கள், இரண்டாம் சுற்றில் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன் சுவரில் எழுத்துக்கூட்டத் தொடங்குகிறான். 'க' தெரிகிறது, 'ட' தெரிகிறது, மற்றவை பிடிபட மறுக்கின்றன. அவன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்னொரு வரி பாருடா' என்கிறார். அறிவு பரவுவதற்கு வேறு எந்தச் சூழ்நிலையிலும் இத்தனை தெளிவான சான்று எமக்குக் கிட்டவில்லை.

எதிர்வாதங்கள்: பேருந்தைப் பழிக்கும் இவர், பேருந்து இல்லாவிட்டால் அந்தப் பாட்டி தாராசுரத்தையே பார்த்திருக்கமாட்டார் என்பதை மறந்தாரோ எனின், மறக்கவில்லை. முழங்கால் வலியோடு, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர்க்காரர்களோடு ஒன்றாக வருவதற்கு அவருக்கு வேறு வழி இல்லை. பேருந்து கொண்டுபோய்ச் சேர்ப்பதில் குறை ஏதும் இல்லை. உடனே திருப்பிக் கொண்டுவருவதில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு கோயிலிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்தால் போதாதா எனின், போதாது. கூடுதல் நேரம் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதைப் புடவைக்கடை தின்றுவிடும். பஞ்சர் எதிர்பாராமல் வருவதால்தான் பயன் தருகிறது.

பரிந்துரை: தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் இணைந்து, ஒரு கோயிலுக்கு ஒரு பணியாளர் வீதம் நியமிக்கலாம். வேலை எளிது, கூட்டம் உள்ளே போனதும் வாகன நிறுத்துமிடத்துக்குச் சென்று திரும்பினால் போதும். கருவிக்கும் செலவில்லை. பெரிய கோயிலில் நந்தி வளராமல் நிறுத்தியதாகச் சொல்லப்படும் ஆணி இப்போது வேலையின்றித்தான் இருக்கிறது; அதை டயர் பக்கம் மாற்றிக்கொடுத்தால், நந்தி கொஞ்சம் வளர்ந்தாலும் பாதகமில்லை.