வீட்டுக்கொரு லினக்ஸ் சித்தப்பா

பண்டிகைக்கு வருகிற சொந்தக்காரர்களில் லினக்ஸ் சித்தப்பாவைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் கையில் ஸ்வீட் பாக்ஸ் இருக்கும். இவர் சாவிக்கொத்தில் பென் டிரைவ் தொங்கும். செருப்பைக் கழற்றும்போதே பார்வை ஹாலைத் தாண்டி கம்ப்யூட்டர் மேஜைக்குப் போய்விடும். "என்னண்ணே, இன்னும் விண்டோஸ்தானா?" என்பார். குரலில் அவ்வளவு பரிதாபம் வழியும்.

இவர் ஐடி கம்பெனி ஆள் இல்லை என்பது முக்கியம். ஐடி கம்பெனியில் இருப்பவர் லீவுக்கு வந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார். பிரிண்டர் ஓடவில்லை என்று சொன்னால், "நான் டெஸ்டிங்ல இருக்கேன்" என்று கழன்றுகொள்வார். லினக்ஸ் சித்தப்பா மின்வாரியத்தில் கணக்குப் பார்ப்பவராகவோ பாலிடெக்னிக் வாத்தியாராகவோதான் இருப்பார். 2011 வரைக்கும் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் கம்பெனிக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து தன் பெயர் போட்டு வந்த முதல் தபால் அதுதான் என்பதால், சித்தப்பாவுக்கு அந்த நன்றி இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்க அவர் தேர்ந்தெடுத்த இடம்தான் அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டர்.

காப்பி குடித்து முடிப்பதற்கும் இலை போடுவதற்கும் நடுவில் வேலை நடந்துவிடும். யாரும் வேண்டும் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். "விண்டோஸ் பாட்டுக்கு அது இருக்கும்ணே. இது பக்கத்துல சும்மா இருக்கும்" என்பார். 500 ஜிபி டிஸ்கில் ஒரு கோட்டை இழுத்து, இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் உபுண்டுவுக்கு என்று பிரிப்பார். அண்ணனுக்கு இது விளங்கச் சில மாதம் ஆகும். விளங்கியபின் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்: "பூர்வீக நிலத்துல கேக்காத பங்கை என் ஹார்ட் டிஸ்க்ல எடுத்துக்கிட்டான்யா!"

விண்டோஸுக்குள்ளேயே ஒரு கோப்பாக உபுண்டுவைப் போட்டுக்கொள்ளும் வசதி 2008-லேயே வந்திருந்தது. வுபி என்று பெயர். பிடிக்காவிட்டால் கண்ட்ரோல் பேனலுக்குப் போய், மற்ற சாஃப்ட்வேரைத் தூக்குவதுபோல் தூக்கிவிடலாம். சித்தப்பாவுக்கு அதில் உடன்பாடில்லை. "அதெல்லாம் வாடகை வீடு" என்பார். சுலபமாகக் காலிபண்ண முடிகிற எதிலும் அவருக்கு மரியாதை கிடையாது.

அவர் பஸ் ஏறியபிறகு அண்ணியின் பாடு ஆரம்பிக்கும். ஸ்விட்சைப் போட்டால் முன்புபோல் விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். பத்து விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவாக உபுண்டுவுக்குள் போய்விடும். விண்டோஸ் கடைசி வரியில். அண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் "கீழ் அம்பு 4 தடவை, எண்டர்" என்று எழுதி மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டார். ஏற்பாடு கொஞ்ச நாள் நன்றாகத்தான் நடந்தது. பையன் ஒருநாள் உபுண்டுவுக்குள் போய், அப்டேட் கேட்டதற்குச் சரி என்று அமுக்கிவைத்தான். அந்தக் காலத்து உபுண்டு 10.04 பதிப்பில், அப்டேட்டோடு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் புதுசாக வந்தால் பட்டியலின் தலையில் இரண்டு வரி கூடும். விண்டோஸ் இரண்டு படி கீழே இறங்கும். அண்ணி காகிதத்தில் எழுதியபடி நாலு தடவை அமுக்கினார். இப்போது அந்த இடத்தில் இருந்தது மெமரி டெஸ்ட்.

"தம்பி, சாயங்காலத்துலேருந்து நீலமா ஏதோ வந்து பர்சென்ட் பர்சென்டா ஓடிக்கிட்டே இருக்கு..."

"ராம் நல்லா இருக்கான்னு பாக்குது அண்ணி. நல்லதுதான், விடுங்க, முடிக்கட்டும்."

அது முடிக்காது. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்றை ஆரம்பிக்கும். யாராவது எஸ்கேப் பட்டனை அமுக்கும்வரை இதே வேலைதான். சித்தப்பாவுக்கு இது தெரியும். ஆனால் ஒரு நல்ல சோதனையைப் பாதியில் நிறுத்தச் சொல்ல அவருக்கு மனசு வராது.

சில வீடுகளில் கடிகாரமும் சேர்ந்துகொள்ளும். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைப்பது லினக்ஸின் வழக்கம். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊருக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். திங்கட்கிழமை ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து ஒன்பதரைக்கு உட்கார்ந்தால், திரையில் விடியற்காலை நாலு மணி. கேட்டால் தப்பு விண்டோஸ் மேல் என்பார் சித்தப்பா. அவர் சொல்வது சரிதான் என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

2011-ல் தமிழ்நாடு அரசே சித்தப்பாவாக மாறியது. பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸும் இருந்தது, பக்கத்திலேயே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் கெட்டிக்காரப் பிள்ளை. டெபியன் வழிவந்தது, தமிழ் தெரியும், வைரஸ் தொல்லை குறைவு. ஆனால் சினிமாவும் கேமும் ஏற்ற இடம் தேடிய பிள்ளைகள் முதலில் கைவைத்தது அதன் மேல்தான். அரசுக்குப் போன் போட்டு, எப்படி எடுப்பது என்று கேட்கவேண்டிய சங்கடம் இல்லை. சொந்தச் சித்தப்பா விஷயத்தில் அந்த வசதி கிடையாது.

காசு வாங்காமல் செய்தவர் அல்லவா! கடைக்காரனாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இவரிடம் எடுத்துவிடச் சொல்வது கல்யாணத்துக்கு அவர் வைத்த மொய்யைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம். அதனால் பேச்சுவார்த்தைக்குப் பையனைத்தான் அனுப்புவார்கள்.

"சித்தப்பா, அதை எப்படி எடுக்கறது?"

"எதை?"

"உபுண்டுவை."

"ஏன், என்ன பண்ணுது? சொல்லு, சரி பண்ணிடலாம்."

"ஒண்ணும் பண்ணல சித்தப்பா. சி டிரைவ் ஃபுல்லாயிடுச்சு. அக்கா கல்யாண வீடியோ ஏத்தணும்."

"அவ்வளவுதானே? வீடியோவை உபுண்டு பக்கம் போட்டுக்கோ."

இதற்குமேல் பேச்சுவார்த்தை நகராது. அகற்றுவதைப் பற்றிய எந்தக் கேள்வியும் அவர் காதில் ரிப்பேர் பற்றிய கேள்வியாகத்தான் விழும். போனை வைத்ததும் பையன் தானே களத்தில் இறங்குவான். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தால், பெயரும் எழுத்தும் இல்லாமல் இரண்டு கட்டங்கள் நிற்கும்: ஒன்றில் உபுண்டு, சின்னதில் ஸ்வாப். ரைட் கிளிக், டெலீட் வால்யூம், நிச்சயமா என்ற கேள்விக்கு எஸ். அவ்வளவுதான், போய்விட்டது. ஆனால் காலியான இடம் பச்சையாக நிற்கும். சி டிரைவை இழுத்து நீட்டலாம் என்றால் எக்ஸ்டெண்ட் மெனு மங்கிக் கிடக்கும். உபுண்டு குடியிருந்தது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற வெளிக்காம்பவுண்டுக்குள். அந்தப் பச்சையையும் ஒருதரம் டெலீட் செய்து கறுப்பாக்கினால்தான் சி டிரைவ் அதைச் சேர்த்துக்கொள்ளும். பையன் அதையும் கண்டுபிடித்துச் செய்துவிடுவான். அண்ணனுக்குத் தன் நிலம் முழுசாகக் கைக்கு வந்த திருப்தி. டீ வரும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வார்கள்.

கறுப்புத் திரை. அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று ஒரு வரி. அதன்கீழே "க்ரப் ரெஸ்க்யூ", பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடு. விண்டோஸும் வராது, உபுண்டுவும் வராது.

நடந்தது இதுதான். அந்தப் பட்டியலைக் காட்டுகிற க்ரப் என்ற ஆசாமியின் தலை, டிஸ்கின் முதல் 512 பைட்டில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு உபுண்டு பார்ட்டிஷனில். பையன் அழித்தது உடம்பை. முதலில் விண்டோஸ் டிவிடியைப் போட்டு, ரிப்பேருக்குள் போய், கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஒரு வரி அடித்து வாசல் சாவியை விண்டோஸிடம் கொடுத்திருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் அழிப்பு. பின்னால் அடித்தாலும் சரியாகிவிடும், டிவிடி கையில் இருந்தால். யார் வீட்டில் இருக்கிறது? இப்போதைய யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்களில் அவ்வளவு கஷ்டம் இல்லை. பயாஸுக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை முதல் வரிசைக்கு ஏற்றினால் போதும். உபுண்டு என்ற பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் வரி கட்டாத பட்டாதாரர்போல் கிடக்கும்.

தெருமுனைக் கடைப் பையனைக் கூப்பிட்டால், அவனுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து. "ஃபார்மட் பண்ணிடலாம் சார். முக்கியமா எதுவும் இல்லையே?" அண்ணிக்கு அழுகை வந்துவிடும். கடைசியில் சித்தப்பாவுக்கே போன் போகும். குற்றத்தை யார் சொல்வது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அண்ணிதான் சமாளிப்பார்: "கரெண்ட் போய்ப் போய் வந்துச்சு தம்பி, அதுவாப் போயிடுச்சு."

அதுவாகப் போகாது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து நிற்பார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். பென் டிரைவிலிருந்து உபுண்டுவைக் கிளப்பி, அதன் வழியாக உள்ளே போய்ப் போட்டோக்கள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸையும் எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். இந்தப் பெருந்தன்மையைத்தான் அண்ணனால் தாங்கவே முடியாது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் வழக்கமான ஆதரவு முடிந்தது. அண்ணன் வீட்டில் இப்போது இருக்கிற கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அதன் பிராசஸர் பழசாம், டிபிஎம் 2.0 என்ற ஒன்று இல்லையாம், விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கும் விலையை விசாரித்துவிட்டு வந்த அண்ணன், இரண்டு நாள் யோசித்து, தானே போனை எடுத்தார்.

"தம்பி, உன் அந்த உபுண்டு... இன்னும் வச்சிருக்கியா?"

"இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை வர்றேன். ஆனா இந்தத் தடவை பங்கெல்லாம் வேண்டாம், முழுசும் எழுதிக் கொடுத்துடுங்க."